சாமியப்பன் வாங்கிய பதினெட்டு

சாமியப்பனுக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது, ஐம்பது வயதிலும் மூட்டுவலி என்று ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே வியாதி மச்சான் அருள்செல்வன்தான். அதற்குத் திருப்பூரிலும் மருந்து கிடைக்கவில்லை, கோயம்புத்தூரிலும் கிடைக்கவில்லை.

அருள்செல்வன் அவருடைய மனைவி ஜெயபாரதியின் அண்ணன். இரண்டு குடும்பமும் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தவைதான். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் தறியை விட்டு பனியன் தொழிலுக்கு வந்தார்கள். சாமியப்பன் அருள்புரத்தில் ஐம்பது மிஷின் போட்டார், உள்ளூர் ஆர்டரும் அடுத்தவர்களுக்குத் தைத்துக் கொடுப்பதுமாகக் கம்பெனி ஓடியது. அருள்செல்வனும் ஐம்பதில்தான் ஆரம்பித்தார். அது இருநூறு ஆயிற்று, நேரடி எக்ஸ்போர்ட் ஆயிற்று. அவர் போர் போட்டால் தண்ணீர் பீய்ச்சியது. அதே மாதம் அதைவிட ஆழமாக இவர் போட்ட போரில் புழுதிதான் வந்தது. கிருத்திகைக்குச் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனால் அங்கேயும் குருக்கள் மாலையை முதலில் மச்சான் கழுத்தில்தான் போடுவார்.

"ஏஞ்சாமி, அவரும் இதே படியத்தான் ஏர்றாரு, நானும் இதே படியத்தான் ஏர்றேன். உனக்கு என்னதான் கணக்கு?" என்று முருகனிடமே கேட்டிருக்கிறார்.

இதில் கொடுமை என்னவென்றால், அருள்செல்வன் நல்ல மனிதர். ஏதாவது ஒரு கெட்ட குணம் இருந்திருந்தால் சாமியப்பன் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அந்த வயிற்றெரிச்சல் தனி.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில்தான் புது எரிச்சல் தொடங்கியது. பந்தியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலை. எதிர் வரிசையிலிருந்த கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர், சாமியப்பன் என்று ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பதே தெரியாதவர் போல, மச்சானைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க ஹேண்டிகேப் இப்ப எத்தனைங்க?"

"இருபத்திநாலுங்க," என்றார் அருள்செல்வன், ரசத்துக்குக் கை காட்டிக்கொண்டே.

"பரவாயில்லீங்களே!" என்றார் மில்காரர். அதற்கப்புறம் இருவரும் மோர் வரும்வரை கோல்ஃப் பேசினார்கள். சாமியப்பனுக்குப் பாயசம் இறங்கவில்லை. தன்னிடம் இல்லாத ஒரு எண் மச்சானிடம் இருக்கிறது. அது என்ன எண் என்றுகூடத் தனக்குத் தெரியவில்லை.

விசாரித்துத் தெரிந்துகொண்டார். கோயம்புத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கோல்ஃப் கிளப் இருந்தது. அங்கே பதினெட்டு குழி. பதினெட்டிலும் பந்தைப் போட்டு முடிக்க, கை தேர்ந்தவனுக்கு மட்டையால் மொத்தம் எழுபத்திரண்டு அடி ஆகும். உங்களுக்குத் தொண்ணூற்றாறு ஆகிறது என்றால், கூடுதலாக ஆகிற இருபத்திநாலுதான் உங்கள் ஹேண்டிகேப். போட்டி என்று வந்தால் அந்த இருபத்திநாலைக் கழித்துக்கொண்டு கணக்குப் பார்ப்பார்கள். அதனால் கை தேர்ந்தவனும் கற்றுக்குட்டியும் சரிசமமாக விளையாட முடியும். எண் குறையக் குறைய ஆள் பெரியவன். இதையெல்லாம் கேட்டபோது சாமியப்பன் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் நின்றது.

இன்னொன்றும் தெரிந்தது. துணி கொள்முதல் செய்ய ஹாலந்திலிருந்து வருடத்துக்கு மூன்று தடவை வரும் ஹென்ட்ரிக் என்கிற பையர், திருப்பூர் வேலை முடிந்ததும் அந்த மைதானத்துக்குத்தான் போவார். அருள்செல்வனும் கூடப் போவார். ஹென்ட்ரிக்கின் ஆர்டர்கள் முக்கால்வாசி அருள்செல்வன் கம்பெனியில் ஓடின.

"அதுக்குத்தானா இந்தப் பவுசு!" என்றார் சாமியப்பன் மனைவியிடம்.

"எங்கண்ணன் ஒடம்பு எளைக்கத்தானுங்க போகுது," என்றாள் ஜெயபாரதி.

"ஒடம்பு எளைக்கோணும்னா ஊட்டச் சுத்தி ஓடச் சொல்லு!"

மறு மாதமே கிளப்பில் சேர்ந்துவிட்டார். மட்டை வாங்கினார், தொப்பி வாங்கினார், ஒற்றைக் கைக்கு மட்டும் போடுகிற வெள்ளை உறையும் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் காரை எடுப்பார். தென்னம்பிள்ளைக்குக் குழி தோண்டுகிறவன் கடப்பாரையை ஓங்குவது போல மட்டையை ஓங்குவார். மண் பறக்கும், புல் பறக்கும், பந்து மட்டும் வைத்த இடத்தில் இருக்கும். ஆனாலும் விடாப்பிடியான ஆள். மழைக்காலம் முடிவதற்குள் பந்து காற்றில் எழும்பத் தொடங்கியது. உடனே கிளப் கேப்டனிடம் போய், தனக்கும் ஒரு ஹேண்டிகேப் வேண்டும் என்று நின்றார்.

கேப்டன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "அது கடையில் வாங்குகிற பொருள் இல்லை, மிஸ்டர் சாமியப்பன்," என்று பொறுமையாகச் சொன்னார். பதினெட்டு குழியும் மூன்று தடவை முழுதாக ஆட வேண்டும். ஒவ்வொரு தடவையும், ஏற்கெனவே ஹேண்டிகேப் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் கூடவே ஆடி, இவருடைய அடிகளை எண்ணிக் கார்டில் எழுத வேண்டும். அவருக்கு மார்க்கர் என்று பெயர். மார்க்கரும் ஆடியவரும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று கார்டில் நல்லதைக் கமிட்டி எடுத்துக்கொண்டு எண்ணைத் தீர்மானிக்கும். எவ்வளவு மோசமாக ஆடினாலும் அந்தக் கிளப்பில் இருபத்தெட்டுக்கு மேல் கொடுப்பதில்லை.

"உங்கள் ஊர்க்காரர் அருள்செல்வனையே கேளுங்களேன். ஒரு அடி கூடவும் எழுத மாட்டார், குறைத்தும் எழுத மாட்டார்," என்றார் கேப்டன்.

சாமியப்பனுக்கு அங்கே வேறு யாரையும் தெரியாது. வாயைத் திறந்து மச்சானிடமே கேட்க வேண்டியதாகிவிட்டது. அவர் சந்தோஷமாக வந்தார். அதுவும் எரிந்தது.

அந்த முதல் ஆட்டத்தைப் போல ஒரு தண்டனையைச் சாமியப்பன் அனுபவித்ததில்லை. பந்து புதருக்குள் போகும். இவர் உள்ளே புகுந்து இரண்டு வீச்சு வீசுவார், மூன்றாவதில் வெளியே வரும். வெளியே மச்சான் கார்டும் பென்சிலுமாக நின்றுகொண்டிருப்பார்.

"உள்ள மூணுங்களா மாப்ள?"

"ரெண்டுங்க."

"செடி மூணு தரம் ஆடுச்சுங்க மாப்ள."

"சும்மா வீசிப் பாத்தனுங்க."

"பந்த அடிக்கோணும்னு வீசுனா அதுவும் அடிதானுங்களே. மூணுன்னே போட்டுக்கறனுங்க," என்று அத்தனை மரியாதையாகச் சொல்லி எழுதிக்கொள்வார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். மொத்தம் நூற்றுப்பதினெட்டு. காரில் திரும்பும்போதே கணக்குப் போட்டார். இதே போக்கில் போனால் இருபத்தெட்டு. கிளப்பில் எல்லார் ஹேண்டிகேப்பையும் எழுதி மாட்டியிருக்கும் போர்டில் மச்சான் பெயருக்குக் கீழே, நாலு எண் தள்ளித் தன் பெயர் தொங்கும். அந்தக் கார்டைக் கமிட்டிக்குக் கொடுக்கவே இல்லை. கிழித்துக் கார் ஜன்னல் வழியாக வீசிவிட்டார்.

அதற்கப்புறம்தான் கன்னையன் நினைவுக்கு வந்தார். கன்னையன் நூல் ஏஜென்ட். சாமியப்பன் கம்பெனிக்கு நூல் போடுகிறவர். மில்காரர்களோடு பழகுவதற்காக எப்போதோ அதே கிளப்பில் சேர்ந்து ஹேண்டிகேப்பும் வாங்கி வைத்திருந்தார்.

"உங்களுக்கு நான் எழுதாம வேற ஆருங்க எழுதறது?" என்றார் கன்னையன்.

கன்னையனோடு ஆடிய மூன்று ஆட்டமும் அமிர்தமாக இருந்தன. ஒரு பந்து கோணலாகப் போனால், "இன்னொண்ணு அடிங்க, நல்லதை வெச்சுக்கலாம்," என்பார். பந்து புதருக்குள் போனால் காலால் மெல்ல வெளியே தள்ளுவார். குழிக்குப் பக்கத்தில், பக்கம் என்றால் ஒரு பெஞ்சு நீளத்தில், பந்து நின்றால், "அது உழுந்தாச்சுங்க, எடுங்க," என்பார்.

சாமியப்பன் திருடனல்ல. கடைக்காரன் ஒரு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டால் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற ஆள். இதைத் திருட்டு என்று அவர் மனசு ஒரு கணமும் நினைக்கவில்லை. அவர் நினைத்தது சாம்பிள் என்று.

பனியன் தொழிலில் பையருக்கு முதலில் சாம்பிள்தான் போகும். அதைச் சாதாரண டெய்லர் தொடமாட்டான். சாமியப்பன் கம்பெனியில் அதற்கென்றே ஆரோக்கியராஜ் என்று ஒருவர் தனி அறையில் உட்கார்ந்திருந்தார். ஐந்து தைத்து, அதில் நல்லதாக ஒன்றை எடுத்து, பிசிறு வெட்டி, இஸ்திரி போட்டு, டிஷ்யூ பேப்பர் வைத்து மடித்து அனுப்புவார்கள். ஆர்டர் வந்த பிறகு ஐம்பது பேர் தைக்கும்போது அப்படி இப்படித்தான் இருக்கும். செக்கிங்கில் சரி செய்துகொள்ளலாம். இதை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள். கேப்டன் மூன்று கார்டில் நல்லதை எடுப்போம் என்றபோதே, இதுவும் சாம்பிள் சமாச்சாரம்தான் என்று சாமியப்பன் முடிவு கட்டிவிட்டார். அந்த நல்ல அடியெல்லாம் தான் அடித்ததுதானே? சாம்பிளில் எவனாவது பிசிறை விட்டு வைப்பானா?

கார்டில் தொண்ணூறு என்று வந்தது. கேப்டன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் ஓர் உறுப்பினர் கையெழுத்துப் போட்டதைச் சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் போர்டில் ஏறியது: சாமியப்பன், பதினெட்டு. ஆறு எண் தள்ளிக் கீழே அருள்செல்வன்.

சாமியப்பன் அந்தப் போர்டின் முன்னால் நின்ற நேரம் சிவன்மலை மூலவர் முன்னால்கூட நின்றதில்லை. செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து மனைவிக்குக் காட்டினார்.

ஜெயபாரதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஏனுங்க, அண்ணனுக்கு இருபத்திநாலு போட்டிருக்குது, உங்களுக்குப் பதினெட்டுதானுங்களா? போகட்டும் உடுங்க, போகப் போகச் சேந்துக்கும்," என்று ஆறுதல் சொன்னாள். சாமியப்பன் அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

பிப்ரவரியில் ஹென்ட்ரிக் வந்தார். சாமியப்பன் ஆறு மாதமாக அவர் பின்னால் அலைந்து ஒரு காலர் டி-ஷர்ட்டுக்குச் சாம்பிள் கொடுத்திருந்தார். ஆரோக்கியராஜ் தைத்தது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஹென்ட்ரிக்குக்கு அது பிடித்திருந்தது. திங்கட்கிழமை கம்பெனிக்கு வந்து பார்த்துவிட்டு ஆர்டரை உறுதி செய்கிறேன் என்றார். சாமியப்பனுக்கு முதல் நேரடி எக்ஸ்போர்ட் ஆர்டர். அது கிடைத்துவிட்டால் மச்சானுக்குச் சமமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம்.

அதற்கு முந்தைய ஞாயிறு கிளப்பில் ஆட்டம். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒரு ஜோடிக்கு ஒரே பந்து, அதை மாறி மாறி அடிக்க வேண்டும்; அதிகக் குழிகளை ஜெயிக்கிற ஜோடிக்கு வெற்றி. அருள்செல்வன் வழக்கம்போல ஹென்ட்ரிக்கோடு சேரத் தயாராக வந்திருந்தார். ஹென்ட்ரிக் போர்டைப் பார்த்தார், பதினெட்டைப் பார்த்தார், புருவத்தை உயர்த்தினார். அவருக்கு ஜெயிப்பதில் கொள்ளை ஆசை. "இந்தத் தடவை நான் சாமியப்பனோடு," என்று சொல்லிவிட்டார். அருள்செல்வன் சிரித்துக்கொண்டே நகர்ந்து, கல்யாணப் பந்தியில் பேசிய அதே மில்காரரோடு சேர்ந்துகொண்டார்.

அந்த நிமிஷம் சாமியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருட எரிச்சலும் ஒரே வாளித் தண்ணீரில் அணைந்தது போல இருந்தது. பையர் பக்கத்தில் தான், எதிர்ப்பக்கத்தில் மச்சான். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன கேட்பான்?

முதல் அடி ஹென்ட்ரிக்குடையது. பந்து நேராகப் பறந்து நடு மைதானத்தில் விழுந்தது. இரண்டாவது சாமியப்பன். கடப்பாரையை ஓங்கினார். பந்து வலது பக்கம் சீமைக்கருவேல முள்ளுக்குள் போய்ச் செருகிக்கொண்டது. அதை எடுத்து அடிக்க வேண்டிய முறை ஹென்ட்ரிக்குடையது. அரைக்கால் சட்டை போட்டிருந்த அந்த வெள்ளைக்காரர் முள்ளுக்குள் நுழைந்து, தொடையெல்லாம் கீறலோடு பந்தை வெளியே தள்ளினார். சாமியப்பன் அதை மறுபடி எதிர்ப்பக்க முள்ளுக்கு அனுப்பினார்.

இன்னொரு பந்து அடிக்கலாமே என்று சொல்லக் கன்னையன் அங்கே இல்லை. காலால் தள்ளிவிடவும் யாரும் இல்லை. கழிவாகக் கிடைத்ததோ பதினெட்டுக்காரனுக்கு உரிய கழிவுதான், அது ஒரு குழிக்கே போதவில்லை. அருள்செல்வன் எதிர்ப்பக்கத்தில் சுமாராகத்தான் ஆடினார், இருபத்திநாலுக்காரர் எப்படி ஆடுவாரோ அப்படி. அது போதும் அவர்களுக்கு. பாதி மைதானம் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள், இனி ஜெயிக்க வழியில்லை என்றாகி, ஆட்டம் தோல்வியில் முடிந்துவிட்டது. ஹென்ட்ரிக் காலில் தைத்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே நடந்தார்.

கிளப் வராந்தாவில் எலுமிச்சை ஜூஸ் வந்தது. ஹென்ட்ரிக் இங்கிலீஷில் சாதாரணமாகத்தான் கேட்டார். "சாமியப்பன், அந்தப் பதினெட்டு உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

பயத்தில் மனிதனுக்கு உண்மைதான் முதலில் வரும். தனக்கு மிக நியாயமாகத் தோன்றிய விளக்கத்தை, தெரிந்த இங்கிலீஷில் அப்படியே சொன்னார்.

"தட் ஒன் சாம்பிள், சார். திஸ் ஒன் புரொடக்‌ஷன்."

ஹென்ட்ரிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மில்காரர் சிரித்தார். சாமியப்பனும் தப்பித்தோம் என்று சிரித்தார். அருள்செல்வன் மட்டும் ஜூஸ் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பழைய எக்ஸ்போர்ட்டர், அந்த வாக்கியத்தைப் பையர் காதில் போடக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை ஹென்ட்ரிக் அருள்புரம் வந்தார். மேஜை மேல் ஆரோக்கியராஜ் தைத்த சாம்பிள் டிஷ்யூ பேப்பரில் இருந்தது. ஹென்ட்ரிக் அதைத் தொடவில்லை. நேராக உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த மிஷினிலிருந்து வேறு ஆர்டருக்கான பீஸ் ஒன்றை எடுத்தார். உள்பக்கம் திருப்பினார். காலர் அரை இஞ்சு சரிந்திருந்தது, நூல் தொங்கியது.

"செக்கிங்ல சரி பண்ணிருவோம், சார்," என்றார் சாமியப்பன்.

ஹென்ட்ரிக் அதைச் சாம்பிளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காபி நன்றாக இருந்தது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். புதன்கிழமை அந்த ஆர்டர் அருள்செல்வன் கம்பெனிக்குப் போனது.

வியாழக்கிழமை அருள்செல்வனே வீட்டுக்கு வந்தார். தங்கை கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார். "மாப்ள, இந்த ஆர்டர் நான் கேட்டு வாங்குனதில்லீங்க. எங்கிட்ட அத்தன மிஷின் காலியும் இல்லீங்க. பாதிய நீங்க தைச்சுக் குடுத்தீங்கன்னா ஒதவியா இருக்குமுங்க."

ஜெயபாரதிக்கு அண்ணன் பெருமையில் கண் கலங்கிவிட்டது. சாமியப்பனுக்கும் கண் கலங்கியது, காரணம் வேறு. முடியாது என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஆனால் ஐம்பது மிஷின் சும்மா கிடக்கும், வாரக் கடைசியில் ஆட்கள் கூலிக்கு வந்து முகத்தைப் பார்ப்பார்கள். சரி என்றார். மச்சானுக்குச் சமமாக உட்கார நினைத்தவர், மச்சானுக்கே தைத்துக் கொடுக்கிறவரானார்.

கிளப்பிலிருந்தும் ஆள் வந்தது. அந்தச் சிரிப்புச் சத்தம் கேப்டன் காதுக்கும் எட்டியிருந்தது. பதினெட்டைப் போர்டிலிருந்து எடுத்தாயிற்று என்றும், மறுபடி மூன்று கார்டு கொடுக்க வேண்டும் என்றும், இந்தத் தடவை மார்க்கரைத் தானே நியமிப்பதாகவும் கேப்டன் சொல்லியனுப்பியிருந்தார். யாரை நியமித்தார் என்று சொல்லத் தேவையில்லை.

விட்டுத் தொலைத்திருக்கலாம். ஜெயபாரதியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் போர்டில் மச்சான் பெயர் இருக்க, தன் பெயர் இருந்த இடம் காலியாகக் கிடப்பதைச் சாமியப்பனால் சகிக்க முடியவில்லை. போனார்.

அன்றைக்கு அவர் ஒரு அடியையும் மறைக்கவில்லை. புதருக்குள்ளிருந்து தானே விரலை நீட்டி, "நாலுங்க மச்சான்," என்று சொன்னார். மண்ணைக் கிளப்பிய வீச்சையும் சேர்த்துச் சொன்னார். கடைசிக் குழி முடிந்து புளியமர நிழலில் உட்கார்ந்தபோது அருள்செல்வன் கூட்டிப் பார்த்தார். நூற்றிருபத்தொன்று. கமிட்டிக்குப் போனால் இருபத்தெட்டுதான், அந்தக் கிளப்பின் அடிமட்ட எண்.

சாமியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய முகத்தைப் பார்த்து அருள்செல்வனுக்கு மனசு கேட்கவில்லை.

"இதுக்குப் போய் மொகத்தத் தொங்கப் போடறீங்களே மாப்ள. என்ற மொதக் கார்டு எத்தனைன்னு தெரியுமுங்களா? நூத்தி முப்பத்தொண்ணுங்க. அப்படியே குடுத்தேன். ஒரு வருசம் போர்டுல இருபத்தெட்டுன்னு தொங்குச்சு, பாத்தவிங்கெல்லாம் சிரிச்சாங்க. அப்பத்தான் ஹென்ட்ரிக் என்னையக் கூப்பிட்டுப் பேசுனார். இவ்வளவு மோசமான எண்ணை ஒளிக்காமக் குடுத்தவன் துணியிலயும் ஒளிக்கமாட்டான்னு சொல்லி மொத ஆர்டரக் குடுத்தாருங்க."

சாமியப்பன் நிமிர்ந்தார். மச்சானின் இருநூறு மிஷினும், எக்ஸ்போர்ட்டும், ஹென்ட்ரிக்கும் அந்த ஒரு கார்டிலிருந்து வந்தவை என்று அவருக்குப் புரிந்தது. புரிந்த உடனே, அடிவயிற்றில் பழகிய இடத்தில், பழகிய நெருப்பு பற்றிக்கொண்டது. நூற்று முப்பத்தொன்று! தன்னுடையதோ வெறும் நூற்றிருபத்தொன்று. இதிலும் மச்சான் பத்து அடி முன்னால் நிற்கிறார்.

"மச்சான்," என்றார் மெதுவாக, கார்டைப் பார்த்துக்கொண்டே. "நான் உங்க கிட்ட ஒண்ணும் கேட்டதில்லீங்க. இதுல ஒரு பதினொண்ணு சேத்தி எழுதிக் குடுங்க."

அருள்செல்வன் சிரிக்கத்தான் வாயெடுத்தார். மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. பேனாவை அவர் கையில் வைத்தார்.

"நடந்தது நூத்தி இருபத்தொண்ணுதானுங்க மாப்ள. கையெழுத்துப் போடுங்க."

சாமியப்பன் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போனது.